நாற்காலியில் ஒரு டிரிப்

மனைவி இரண்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்ததும் பஸ் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து, மூத்திரம் போக வைத்திருந்த குழாயை எடுத்து மூன்று வாரமாகிறது. கசிவு நிற்கச் சில மாதங்கள் ஆகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவு இன்றோடு முடிகிறது. அவர் ஓட்டும் தடத்தில் இரண்டு மணி நேரம் சீட்டைவிட்டு எழ முடியாது.

“டிரைவரே, வண்டி எங்க வருது?” என்றாள், காய் நறுக்கியபடி.

“பாலம் தாண்டியாச்சு.”

“பார்த்து ஓட்டுங்க. சமையல்கட்டுக்குள்ள ஏத்திடாதீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தொடை நனைந்தது.

“இப்ப எங்க?”

“வண்டி நின்னுடுச்சு.”

அவள் கத்தியை வைத்துவிட்டுத் துண்டு எடுத்து வந்தாள்.

மறுநாள் அவர் டெப்போவுக்குப் போய், கேட்டில் வண்டி எண்களை எழுதும் வேலை கேட்டு மனு கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் முதுகுவலி என்று எழுதினார்.