ஆறு மணிப் பால்வாடி

போன திங்கட்கிழமை, காலை ஆறு மணி. டெல்லி ஜங்புராவில் எங்கள் தமிழர் சங்கம் நடத்தும் பால்வாடியின் வாசலில் செல்வி நின்றிருந்தாள். தோளில் தூங்கும் குழந்தை. கதவில் பூட்டு. காலை நடைக்குப் போன நான் பார்த்து நின்றேன்.

நடத்தும் என்பது தவறு — நடத்திய. நன்கொடை வறண்டுபோனதால், அன்றிலிருந்துதான் அது ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தோடு இணைந்திருந்தது.

செல்விக்கு வீட்டு வேலை. முதல் வீட்டில் ஆறரைக்குப் போய் நிற்க வேண்டும். குழந்தையோடு வந்தால் வேறு ஆளை வேலைக்கு வைத்துக்கொள்வதாக அந்த மேடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இவளைப் போன்றவர்களுக்காகத்தான் பால்வாடியை ஆறு மணிக்குத் திறந்துகொண்டிருந்தோம்.

பெரிய நிறுவனமோ ஒன்பதரைக்குத்தான் திறக்குமாம். அவர்களுடைய எல்லா சென்டர்களிலும் அதுதான் டைமிங். பெற்றோருக்கு ஈமெயிலில் தெரிவித்தாகிவிட்டதாம். ஈமெயில்... செல்விக்கு.

இணைப்புப் பேச்சு எப்படி நடந்தது தெரியுமா? எங்கள் கமிட்டியில் பெரும்பாலோர் ரிட்டயரான அதிகாரிகள். பேரம் பேசத் தெரிந்தவர்கள். சங்கத்தின் பெயர் மாறக்கூடாது — சாதித்தோம். பலகையில் எழுத்து சிறுக்கக்கூடாது — சாதித்தோம். தலைவர் வரதராஜனுக்கு ஆலோசகர் பதவி, லெட்டர்ஹெட்டில் பெயர், ஹாலில் படம்... எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. படத்துக்கு எந்தச் சுவர் என்பதற்கே ஒரு மீட்டிங் முழுசாகப் போனது.

திறக்கும் நேரத்தைப் பற்றி நான் கேட்டேன். அதெல்லாம் சில்லறை விஷயம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் வரதராஜன். நிறுவனத்தின் மேனேஜர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, ‘அச்சா, அச்சா’ என்றார். சமோசா வந்தது. பேச்சு முடிந்தது.

இதையெல்லாம் செல்வியிடம் எப்படிச் சொல்வது? சங்கம் எங்கும் போய்விடவில்லை, பெயர்கூட அப்படியேதான் இருக்கிறது என்று ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் அண்ணாந்து பலகையைப் பார்த்தாள்.

“பேரு இருக்கட்டும் சார். புள்ளைய பேருகிட்டயா விட்டுட்டுப் போறது?”

குழந்தையைத் தூக்கிக்கொண்டே வேலைக்கு நடந்தாள். மறுநாள் அந்த வீட்டில் வேறு ஆள்.

இதைச் சொல்ல வரதராஜனுக்கு போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கொதித்தார். படத்தை ஹாலில் மாட்டாமல், பின்னால் ஆபீஸ் ரூமில் மாட்டிவிட்டார்களாம்.

“இது ஒப்பந்த மீறல் இல்லையாய்யா?”

மீறல்தான் சார் என்றேன். பேசாமல் படத்தை வாசலிலேயே மாட்டச் சொல்லுங்கள் — காலை ஆறு மணிக்கு அங்கே யாராவது இருக்க வேண்டாமா?