கடல் பக்கக் கதவு

இது நடந்தது. யாருக்கோ நடந்து நான் காதால் கேட்டதில்லை. எனக்கு நடந்தது, என் கண் முன்னால். பேய் இருக்கிறதா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள், கோபம்தான் வரும். அந்த வீட்டில் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். நம்பாதவர்கள் அடுத்த லீவுக்கு அந்த வீட்டையே வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சாவி இன்னும் அந்தப் புரோக்கர் கடையில்தான் தொங்குகிறது.

நாங்கள் ஒரே வீட்டில் கீழும் மேலுமாக இரண்டு குடும்பம். நான், என் கணவர், எங்கள் ஐந்து வயது மகன். மேலே அவருடைய அண்ணன், அண்ணன் மனைவி, அவர்களுடைய ஒன்பது வயது மகள். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாய் நிறையக் கூப்பிட்டாலும் ஓரகத்தி ஓரகத்திதான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அதே குரல், அதே நீட்டிய விரல். நான் கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவு. தைத்து வருகிற சட்டையில் குறை கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அண்ணி நெற்றியில் ஒட்டாமல் இருந்தால் சரி என்பார் என் கணவர். அன்றைக்கு ஒட்டியிருக்க வேண்டும்.

கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் கடற்கரையில் வீடு எடுப்பது என்று முடிவானது. எந்த ஊர் என்பதில்தான் வினை வந்தது. ஒரு சனிக்கிழமை எல்லோரும் காரில் கிளம்பி மூன்று ஊர் பார்த்தோம். முதல் ஊரில் மீன் ஏலம் போடுகிற சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. அது வேண்டாம் என்பதில் மட்டும் குடும்பமே ஒற்றுமையாக இருந்தது. இரண்டாவது ஊர் எனக்குப் பிடித்துப்போனது. தண்ணீர் வெகுதூரத்துக்கு முழங்கால் அளவுதான். கரையில் விசிலோடு ஒரு காவல்காரர் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் கிளினிக். ஆனால் வீடு சின்னது, பாத்ரூம் ஒன்றுதான்.

மூன்றாவது ஊர் அக்காவுடைய தேர்வு. தன்னந்தனி வீடு. நான்கு அறை. பின்கதவைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் கடல். ஆனால் கரையிலேயே சரிந்து இறங்குகிற கடல். நாலு எட்டு வைத்தால் ஆள் முழுகிவிடும் என்று புரோக்கரே சொன்னான்.

என் பையனுக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது. இந்த ஊர் வேண்டாம் என்றேன். அக்கா காரின் முன்சீட்டிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் பையனப் பிடிச்சுக்கறது உன் வேலை. அதுக்காக ஊரையே மாத்த முடியுமா?"

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. பதிலுக்கு நானும் நன்றாகக் கேட்டேன், அதை இங்கே எழுத முடியாது. என் கணவர் ஜன்னல் வழியாகக் கடலை வேடிக்கை பார்த்தார், அன்றுதான் கடலைக் கண்டுபிடித்தவர் மாதிரி. கடைசியில் அண்ணன் பஞ்சாயத்துப் பண்ணினார். இன்று ராத்திரி இங்கேயே தங்குவோம், காலையில் முடிவு செய்வோம் என்றார். அதற்குப் பிறகு நானும் அக்காவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் சாப்பாடு வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைத்தெரு தூரம். வீட்டில் நான், அக்கா, இரண்டு குழந்தைகள். குழந்தைகள் முன்னறைக் கட்டிலில் படுத்து போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் முதலில் போய்ப் பார்த்தது அந்தக் கடல் பக்கக் கதவைத்தான். அதற்கு ஒரே ஒரு தாழ்ப்பாள். அதுவும் மேலே, உச்சியில். நானே எக்கித்தான் எட்ட வேண்டும். உப்புக் காற்றில் துருவேறிய இரும்பு. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். 'க்ற்ரீ...ச்' என்று வீடு முழுக்கக் கேட்டது. குழந்தைகளால் இதைத் திறக்க முடியாது. நிம்மதியாக இருந்தது. அப்போது மணி ஆறே கால்.

படுக்கைகளை உதறிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

கதவு 'ஆ'வென்று திறந்திருந்தது.

அக்காவுக்குக் காற்று வேண்டும். ஏசி அறையில்கூட ஜன்னலைத் திறக்கிற ஆள். வேறு யார் திறந்திருப்பார்கள்? என் பையனுடைய நீலச் செருப்பு வேறு வெளியே மிதியடிமேல் கிடந்தது. வீட்டுக்குள் மணல் வருகிறது, செருப்பை வெளியே விடு என்று வந்ததும் வராததுமாக அவனை அதட்டியவளும் அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன். க்ற்ரீச். கேட்கட்டும் என்றே ஓங்கிப் போட்டேன்.

சமையலறையில் பையனுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பின்னால் மறுபடியும் அந்தச் சத்தம். க்ற்ரீச்.

திறக்கிறாள். வேண்டுமென்றே திறக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் ஏன் முதலில் பேச வேண்டும்? பால் பொங்கி வரும்வரை நின்றேன். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். நினைத்தது சரிதான். கதவு திறந்திருந்தது.

நான் உள்ளே வைத்த செருப்பு மறுபடியும் வெளியே, மிதியடியைத் தாண்டிப் போயிருந்தது. கீழ்ப்படியில் இருந்தது. இரண்டும் ஜோடியாக, முனை கடலைப் பார்த்து.

அதை வெடுக்கென்று எடுத்து உள்ளே போட்டேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில், இப்படிப்பட்ட கடலை வைத்துக்கொண்டு, யாராவது வீம்புக்குக் கதவைத் திறந்து போடுவார்களா? முன்னறையை எட்டிப் பார்த்தேன். பையன் கட்டிலில்தான் இருந்தான். பாலைக் கொடுத்துவிட்டு வந்து மூன்றாவது தடவையாகத் தாழ்ப்பாள் போட்டேன். இரும்பு ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டுப் போட்டேன்.

சமையலறைக்குத் திரும்பிக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் க்ற்ரீச்.

போனேன். திறந்திருந்தது. இந்தத் தடவை செருப்பைத் தேட வேண்டியிருந்தது. படியில் இல்லை. வாசல் விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில், மணலில் இருந்தது. ஜோடியாக. கடலைப் பார்த்து. விட்டெறிந்த செருப்பு இவ்வளவு ஒழுங்காக விழுமா என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதைக் கோபம் தின்றுவிட்டது.

இனி கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, சமையலறை விளக்கை அணைத்து, அதன் கதவு இடுக்கில் நின்றுகொண்டேன். அங்கிருந்து கடல் பக்கக் கதவு வரை வீட்டு நடை முழுவதும் தெரியும். மணி ஏழு இருபது.

வந்தாள்.

அவளுடைய பச்சை நைட்டி. பின்னல். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பக்கக் கை நைட்டி மறைவில் எதையோ பிடித்திருந்த மாதிரி இருந்தது. முன்னறைப் பக்கமிருந்து என்னைத் தாண்டிக் கதவை நோக்கி நடந்தாள். காலடிச் சத்தம் இல்லை.

கையைத் தூக்கினாள்.

அக்கா என்னைவிடக் குட்டை. நானே எக்கினால்தான் எட்டும். இவள் எக்கவில்லை. சும்மா கையைத் தூக்கினாள்... எட்டியது.

சத்தமே இல்லாமல் கதவு திறந்தது.

"மாட்டுனீங்களா" என்று பாய்ந்து வெளியே வந்தேன்.

யாருமில்லை.

திறந்த கதவு. அதற்கு அப்பால் இருட்டு. அலை.

"எத்தனை தடவடி தெறப்ப?"

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. பாத்ரூம் வாசலில் அக்கா. தலையில் துண்டு. முகத்தில் பாதிச் சோப்பு நுரை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கத்தினாள்.

"உனக்கு வீடு பிடிக்கலேன்னா வாயத் தெறந்து சொல்லு. புள்ளைங்க இருக்கற எடத்துல இப்படியா பண்ணுவ? நான் ரெண்டு தடவ ஸ்டூலப் போட்டு ஏறித் தாழ்ப்பா போட்டேன். உன்னைப் பாத்துட்டுத்தான் இருந்தேன், இதே எடத்துல முதுகக் காட்டிட்டு நின்ன."

"நானா? நான் நாலு தடவ போட்டேன்க்கா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மத்தியானத்திலிருந்து அப்போதுதான் முகத்தைப் பார்த்தோம்.

அவள் இரண்டு தடவை போட்டிருக்கிறாள். நான் சமையலறையிலிருந்து கேட்ட இரண்டு சத்தமும் அவள் தாழ்ப்பாளைப் போட்ட சத்தம். அப்படியானால் திறந்த சத்தம்?

அது ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

முன்னறையிலிருந்து அக்கா மகள் போனோடு வந்தாள். தனியாக.

"தம்பி எங்கடி?" என்றேன்.

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"நீங்கதானே சித்தி இப்ப கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனீங்க?"

ஓடினோம்.

படி. மணல். வாசல் விளக்கு முடிந்து இருட்டு.

என் காலில் ஏதோ தட்டியது. செருப்பு. தண்ணீர் ஓரத்தில்... ஜோடியாக.

அவன் கடலுக்குள் இருந்தான்.

இடுப்பளவு தண்ணீர். எங்களுக்கு முதுகு. இடது கை கீழே தொங்கியது. வலது கை மட்டும் தலைக்கு மேலே நேராகத் தூக்கியிருந்தது. விரல்கள் மூடியிருந்தன. கடைத்தெருவில் பெரியவர்கள் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளை எப்படித் தூக்கி வைத்திருக்குமோ... அப்படி.

ஓர் எட்டு வைத்தான். நெஞ்சு வரை.

எனக்கு நீச்சல் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. நான் அவன் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே இறங்கியிருந்தாள். அவனை இடுப்போடு கட்டிப் பிடித்தாள். இழுத்தாள்.

வரவில்லை.

ஐந்து வயதுப் பையன். எவ்வளவு கனம் இருப்பான்? நான் அக்காவின் நைட்டியைப் பிடித்து இழுத்தேன். அந்தப் பக்கமும் யாரோ இழுத்தார்கள். அவன் கை மேலே விறைத்து நின்றது. அலை என் வாயில் அடித்தது.

அக்கா நிமிர்ந்தாள். அந்தக் கைக்கு மேலே, ஒன்றுமில்லாத இருட்டைப் பார்த்தாள்.

"விடு அவன."

கத்தவில்லை. வகுப்பறைக் குரல்.

"விடுன்னு சொல்றேன்ல."

கை தொப்பென்று விழுந்தது. மூன்று பேரும் மல்லாந்து மணலில் விழுந்தோம்.

பையன் அழவில்லை. உடம்பு முழுக்கச் சில்லிட்டிருந்தது. அந்த வலது உள்ளங்கை மட்டும் சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் யாரோ பிடித்திருந்த மாதிரி.

கார் வந்ததும் பாதிப் பையோடு கிளம்பிவிட்டோம். ஆண்கள் இரண்டு பேரும் ஏதேதோ கேட்டார்கள், முதலில் வண்டியை எடுங்கள் என்றோம். என் மடியில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்த பையனிடம் யார்கூடப் போனாய் என்று கேட்டேன்.

"பெரியம்மாகூட."

அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பினாள். இந்தத் தடவை திரும்பினாள். அவள் தலைமுடியிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் இல்லடா கண்ணா" என்றாள்.

அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடத்திலும் எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது.

ராத்திரி பக்கத்து ஊர் லாட்ஜில் தங்கினோம். காலையில் சாவியைக் கொடுக்க நானும் என் கணவரும் புரோக்கர் கடைக்குப் போனோம். டீ குடித்துக்கொண்டிருந்தவன் முன்னால் சாவியை எறிந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஆச்சரியப்படுவான், மறுப்பான் என்று பார்த்தேன். டீயைக் கீழேகூட வைக்கவில்லை.

சிரித்துப் பேசிக்கொண்டு வருகிற குடும்பத்துக்கு அங்கே ஒன்றும் ஆனதில்லை என்றான். உள்ளே மனஸ்தாபத்தோடு வந்து இறங்குகிறவர்களுக்குத்தான் இப்படி ஆகிறதாம். நேற்று எங்களைப் பார்த்ததுமே அவனுக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருந்ததாம்.

"அப்புறம் எதுக்குய்யா சாவியக் குடுத்த?"

"சண்டை போடாத குடும்பம் எங்கம்மா வருது? அப்படிப் பாத்தா வீடு வருஷம் பூரா பூட்டித்தான் கெடக்கும்."

அந்த டீயை அவன் மூஞ்சியில் ஊற்றியிருப்பேன். என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன்னால் யாருக்கு என்ன ஆனது என்று அவர்தான் கேட்டார். புரோக்கர் குரலைத் தாழ்த்தினான்.

"மூணு வருஷம் முன்னாடி ஒரு குழந்தை போயிடுச்சு. பெத்தவ கண்ணால பாத்திருக்கா. அவ ஓரகத்திதான் கையப் பிடிச்சுத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போனான்னு போலீஸ்ல சொன்னா. இன்னைக்கு வரைக்கும் அதையேதான் சொல்றா."

"அந்த ஓரகத்தி என்ன சொன்னா?" என்றேன்.

"அவ என்னத்தச் சொல்லுவா? அவ இந்த ஊருக்கே வரல. அந்த நேரத்துல அவ ஆஸ்பத்திரியில பிரசவ வலியோட படுத்திருந்தா. டாக்டரு, நர்ஸு எல்லாம் வந்து சொல்லியும் பெத்தவ நம்பல."

அந்தத் தாயை நினைத்து எல்லோரும் பாவம் என்பார்கள், பைத்தியம் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டு நடையில் பச்சை நைட்டியை நானும் பார்த்தேன்.

என் மகனைக் கடலிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்தவள் அக்கா. அது எனக்குத் தெரியும். அதற்கு என் தோலைச் செருப்பாகத் தைத்துப் போடலாம். ஆனால் பள்ளிக்கூட வேனிலிருந்து அவன் இறங்கும்போது அக்கா கையை நீட்டினால், இன்றைக்கும் அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான். அவள் என்னைப் பார்ப்பாள். நான் அவனைக் கண்டிக்க வேண்டும். இதுவரை ஒரு தடவைகூடக் கண்டித்ததில்லை.