பூசணிக்காய்க் கேஸ்

நியூஜெர்சியில் ஒரு சின்ன ஊர்க் கோர்ட்டு. புல் வெட்டாதவர், நாயைக் குரைக்கவிட்டவர், நாங்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். மகளின் புதுக் காருக்குத் திருஷ்டி கழித்து நான் ரோட்டில் பூசணிக்காய் உடைத்தேன். போலீஸ் அவள் பேரில் கேஸ் எழுதிவிட்டது. கிரீன் கார்டு வரும் நேரம். கேஸ் இருந்தால் அது நின்றுபோகுமோ என்று அவளுக்குப் பயம்.

"உடைச்சது நான்தான்னு இங்கிலீஷ்ல சொல்லும்மா" என்கிறேன். சொல்கிறாள்.

ஜட்ஜம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்கிறார்.

"உங்க ஊர்ல இதையெல்லாம் யாரு பெருக்குவாங்கன்னு கேக்கறாங்கப்பா."

"நான்தான். முப்பது வருஷம் முனிசிபாலிட்டில பெருக்கினேன்."

மகள் கொஞ்சம் தயங்குகிறாள். பிறகு சத்தமாகவே சொல்கிறாள்.

ஜட்ஜம்மா சிரிக்கிறார். எங்கள் தெருவைப் பெருக்கிவிட்டால் கேஸ் கிடையாதாம்.

வெளியே வந்ததும் மகள், "நீங்க உக்காருங்கப்பா, நான் பெருக்கறேன்" என்கிறாள்.

"உனக்கு ஒழுங்கா பெருக்க வராது" என்கிறேன்.