பிரான்சிலிருந்து வந்த கச்சேரி

அண்ணன் பிரான்சில் ஆபீசு வேலை பார்க்கிறான் என்பது தெரியாத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. அப்பா யாரையும் தெரியாமல் இருக்க விட்டதில்லை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். அவருடைய காகிதங்களைப் பார்த்து எங்கள் குடும்பமே பிரெஞ்சுக் குடும்பம் என்று பிரெஞ்சு சர்க்கார் ஒப்புக்கொண்டிருந்தது. ஆக, அப்பாவும் பிரெஞ்சுக்காரர்தான். பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகும்போது மட்டும் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காகிதத்தால் ஏதோ பலன் கண்டவன் அண்ணன் ஒருவன்தான். பத்தொன்பது வயதில் விமானம் ஏறினான். அப்போது எனக்கு ஆறு வயது.

அவன் போன அதே வருஷம், அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருவர் கையில் டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். அதன்பிறகு அவன் கடிதம் எழுதுவதில்லை; கேசட்டில் பேசி அனுப்புவான். முதலில் அப்பாவோடு பேசுவான், அடுத்து அம்மாவோடு, பிறகு எங்களோடு இருந்த மாமாவோடு, கடைசியாக என்னோடு. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரவர் முறை வரும்போது அவரவர் டேப்புக்கு எதிரே நகர்ந்து உட்கார வேண்டும். அப்பாவின் முறையில் நான் முன்னால் போய் உட்கார்ந்தால் அப்பா முறைப்பார். என் முறை வருவதற்குள் கேசட் தீர்ந்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் அது சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் எட்டு மாதமாக ஒரு கேசட்டும் வரவில்லை. ஆபீசில் வேலை அதிகம் என்று அப்பா எல்லோருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவோ, வில்லியனூரில் யாராவது பிரான்சிலிருந்து வந்திருப்பதாகக் காதில் விழுந்தால், அன்றைய கூலியையும் விட்டுவிட்டு பஸ் மாறிப் போய் விசாரித்து வருவாள். போகும்போது இருக்கும் நடை திரும்பும்போது இருக்காது. "பாக்கலியாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். பிள்ளை உடம்பு சுகமாக இருக்கிறானா, ஒரு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, அது தெரிந்தால் போதும் அவளுக்கு.

கரும்பு வெட்டு உச்சத்தில் இருந்தபோது, கம்பளிக் காலுறைக்குள் சுருட்டப்பட்டு ஒரு கேசட் வந்து சேர்ந்தது. கூட ஒரு துண்டுச் சீட்டு. நான்தான் படித்தேன். இது பாட்டுக் கச்சேரி, பாடுகிறவர்கள் இங்கே ரொம்பப் பெரிய ஆட்கள், ஊர் ஊராகப் போய்ப் பாடப் போகிறார்கள், இது முதல் நாள் கச்சேரி, நானும் அங்கேதான் இருந்தேன், பாப்பாவுக்குப் பிடிக்கும். இவ்வளவுதான் எழுதியிருந்தது. பாப்பா என்பது நான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவையாக முழுக் கேசட்டும் என் முறை. அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அம்மா மட்டும் சீட்டில் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனும் அங்கதான இருந்தான்? அப்போ அவன் கொரலும் அதுல இருக்கும். போடுடா" என்றாள் மாமாவிடம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள் மாமா பொத்தானை அமுக்கினார். வீடே அதிர்கிற மாதிரி ஒரு கூச்சல்.

"இன்னாடா இது, எங்கனா தீ புடிச்சிகிச்சா?" என்றார் அப்பா.

"கைத்தட்டு மாமா. அங்கல்லாம் அப்படித்தான் தட்டுவாங்க" என்று மாமா அப்பாவுக்கு விளக்கினார்.

மாமா புதுச்சேரியில் ஒரு ரொட்டிக் கடையில் ஆறு மாதம் வேலை செய்தவர். அதனால் பிரெஞ்சு அவருக்கு அத்துப்படி என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. பாடகன் ஏதோ சொன்னதும், "வந்தவங்களுக்கு நன்றி சொல்றான்" என்று மொழிபெயர்த்தார். அவன் குட் ஈவினிங் என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. "இது இங்கிலீசு மாமா" என்றேன். "பிரெஞ்சுலயும் அப்படித்தான்" என்றார் கொஞ்சமும் அசராமல்.

பிறகு டமடமவென்று மேளமும், கம்பியை இழுத்து அறுப்பது போன்ற கிதாரும் கிளம்பின. நாலு பாட்டுக்குள் அப்பாவுக்கு அலுத்துப்போனது. ஓட்டிவிடச் சொன்னார். அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டாத. நடுவுல எங்கனா பேசிட்டான்னா?"

ஒவ்வொரு பாட்டு முடிந்து கூட்டம் கத்தும்போதும் அம்மா டேப்பின் மேல் காதை வைத்தாள். ஆயிரக்கணக்கான பேர் போடுகிற கூச்சலில் ஒருத்தனைத் தேடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில், "அவன் எங்க கத்தப்போறான், கூச்சப்படுவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முந்தின நாள் முழுக்கக் கரும்புக்கட்டுத் தூக்கியவள். உட்கார்ந்தபடியே கண் சொருகும். கைத்தட்டல் வந்ததும் திடுக்கிட்டு மறுபடி காதை வைப்பாள்.

இரண்டாவது பக்கத்தில்தான் அந்த இருமல் கேட்டது. வெகு பக்கத்தில், டேப்புக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து இருமுவது போல.

"அவந்தான்" என்றாள் அம்மா.

"ஒலகத்துல வேற எவனும் இரும மாட்டானாடி?" என்று கேட்டுவிட்டு அப்பா துண்டை விரித்துப் படுத்தார்.

அடுத்த பாட்டில் பாடகனின் குரல் இழுபட்டுக் கட்டையாகி, தூக்கம் வந்தவன் பாடுவது போல ஆனது. பேட்டரி இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் கரண்டு கிடையாது. மாமா நாலு பேட்டரியையும் கழற்றி வாசலில் சுடுகிற சிமெண்ட் தரையில் காயப் போட்டுவிட்டு, பீடி வாங்கப் போகிறேன் என்று போனவர் போனவர்தான். அப்பா குறட்டை விட்டார். ஒரு மணி நேரம் கழித்து நானும் அம்மாவும் சூடான பேட்டரிகளைப் புடவைத் தலைப்பில் ஏந்தி வந்து போட்டோம்.

கடைசிப் பாட்டு ஒருவழியாக முடிந்தது. கூச்சல், சீட்டி, பிறகு கூட்டம் கலைகிற இரைச்சல். அதுவும் தேய்ந்து, வெறும் உஸ் என்ற ஓசை. நிறுத்தப் போனேன். அம்மா தடுத்தாள்.

நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம் வந்தது. ஒரு பாட்டில் உருண்டது. பிறகு விளக்குமாற்றுச் சத்தம். நீளமாக நாலு இழுப்பு, ஒரு நிறுத்தம், இருமல், மறுபடி நாலு இழுப்பு. தூரத்தில் ஒருவன் பிரெஞ்சில் அதட்டினான். அதற்குப் பதில் எங்கள் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"வுய், முசே."

பிரெஞ்சில் 'சரிங்க ஐயா'. அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து அண்ணனின் குரல்.

"அம்மா, அண்ணன்!" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தி, தூங்குகிற அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். விளக்குமாறு முன்னைவிட வேகமாக ஓடியது. பிறகு கேசட் தீர்ந்து பொத்தான் தானாக எழும்பியது.

அண்ணன் அந்தக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிப் போனவன் இல்லை. அது நடந்த மண்டபத்தைப் பெருக்க நின்றவன். கோட்டுப் பையில் டேப்பை ஓடவிட்டு, அதை மறந்துபோய் வேலையைத் தொடங்கியிருக்கிறான். ஆபீசு என்று ஒன்று இருந்ததே இல்லை. இதெல்லாம் பல வருஷம் கழித்து அவனே சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு அந்த மத்தியானமே தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். வேலை செய்து களைத்த களைப்பைத்தான் அதுவரை அந்த முகத்தில் பார்த்திருக்கிறேன். இது வேறு.

அப்பா எழுந்து, "பேசினானா?" என்று கேட்டார்.

"இல்ல. கச்சேரிதான். சோக்கா கீது."

அப்பாவுக்குத் திருப்தி. "ஆபீசு உத்தியோகத்துல இருந்தாத்தான் அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் உள்ள வுடுவான். நாளைக்கி சாயங்காலம் எல்லாரையும் கூப்புட்டு வாசல்ல போட்டுக் காட்டணும்" என்றார்.

எங்கள் வீட்டில் பதிலை அதே கேசட்டில், அவன் பேச்சின் மேலேயே பதிந்து திருப்பி அனுப்புவது வழக்கம். புதுக் கேசட்டுக்கு எங்கே போவது? பொழுது சாய்வதற்குள் அன்றைக்கே பதில் பேசியாக வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். திரும்பி வந்த மாமா வழக்கம் போல முதலிலிருந்து பதியப் போனார்.

"மொதல்லேர்ந்து வாணாம். பாப்பாவுக்குப் பாட்டு இருக்கட்டும். பாட்டு முடிஞ்ச எடத்துலேர்ந்து பேசலாம்."

எனக்காகத்தான் சொல்கிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்பா ஆபீசைப் பற்றி விசாரித்தார். அடுத்து அம்மா. வழக்கமாக அது வேண்டும், இது வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பாள். அன்றைக்கு, "எங்களுக்கு ஒண்ணும் வாணாம்பா. வேளைக்கி சாப்புடு. வேல செய்யறப்ப மூக்குல துணியக் கட்டிக்கோ" என்றாள்.

"ஆபீசுல எதுக்குடி மூக்கக் கட்டணும்?" என்று அப்பா குறுக்கிட்டார்.

"குளுருக்கு" என்றாள் அம்மா.

மாமா பேசினார். பிறகு என் முறை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "அண்ணா, கச்சேரி நல்லா இருந்துச்சிண்ணா. எல்லாம் முடிஞ்சப்பறம் யாரோ பெருக்குறாங்க பாரு, அதுகூட நல்லா கேட்டுச்சி. அப்பறம் நீ..."

தொடையில் அம்மா கிள்ளிய கிள்ளில் வீறிட்டு அழுதேன். பாப்பாவுக்குக் கேசட்டைக் கண்டாலே கிறுக்கு பிடித்துவிடுகிறது என்று அப்பா சலித்துக்கொண்டார். மாமா நிறுத்துவதற்குள் என் அழுகை முழுக்கப் பதிந்துவிட்டது. மறுநாள் வாசலில் போட்டபோது, எல்லோரும் பாட்டை வாயைப் பிளந்து கேட்டார்கள். என் அழுகைக்குச் சிரித்தார்கள். அந்த வாரமே கேசட் பிரான்சுக்குப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. எல்லோரையும் நலம் விசாரித்திருந்தான். மூக்குத் துணியைப் பற்றி ஒன்றும் இல்லை. கடைசியில், பாப்பா ஏன் அழுதாள் என்று கேட்டிருந்தான்.

பதில் எழுத அம்மா என்னைத்தான் உட்கார வைத்தாள். "கட்டெறும்பு கடிச்சிடுச்சின்னு எழுது" என்றாள். எழுதினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பொய் எழுதக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அம்மா பசை எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, அடியில் குட்டி எழுத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்: எறும்பு இல்லை அண்ணா, பெருக்குகிற சத்தத்தோடு உன் குரலும் கேட்டதைச் சொல்லப்போனதற்கு அம்மாதான் கிள்ளினாள். பிறகு அம்மா ஒட்டிக் கொடுத்த உறையை வாங்கிக்கொண்டு, உண்மையை எழுதிவிட்ட பெருமையோடு தபால் பெட்டிக்கு ஓடினேன்.