அமலி குளத்தில் விட்ட செடி

செம்மநத்தம் சாலையில் மலைமேல் இருக்கும் எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பதில் அமலியை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாய்ப் பேச்சிலும் அப்படித்தான். கணவர் ஆண்டனி ராஜ் இறந்த பிறகு அந்த வாய் அடங்கிப்போயிற்று. அவருக்காக அவள் விடாமல் செய்தது ஒன்றுதான்: கல்லறைத் திருநாளுக்குப் பூ. அதுவும் கடைப்பூ ஆகாது, தன் கையால் வளர்த்ததாக இருக்க வேண்டும்.

சேலத்தில் தங்கை வீட்டுப் பக்கத்து ஏரியில் ஆகாயத்தாமரை பூத்திருந்ததைப் பார்த்தாள். ஆண்டனிக்கு ஊதா நிறம் என்றால் உயிர். நாலு செடியை வாளியில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து, வேலையாட்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் தரும் குளத்தில் விட்டாள்.

"ஏனுங்க அக்கா, அது ஏரியவே மூடிப்போடுமாமுங்களே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சேலத்துச் சூட்டுக்குத்தான் கண்ணு. நம்ம மார்கழிப் பனியத் தாங்குமா?"

நானும் தலையாட்டினேன். கீழேயிருந்து எது வந்தாலும் எங்கள் குளிர் பார்த்துக்கொள்ளும் என்று எங்கள் எல்லோருக்குமே ஒரு திமிர். மார்கழி வந்தது, குளிர் வரவில்லை; கம்பளி பெட்டியிலேயே கிடந்தது. செடி சாகவில்லை. மாசியில் பாதிக் குளத்தைப் பிடித்தது. சித்திரையில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. குடத்தில் அள்ளினால் சாக்கடை வாடை அடித்தது.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஞானசுந்தரம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதைக் குடிச்சு யாராச்சும் படுத்துட்டா என்ன பண்றதுங்க? குளம் தேறலைன்னா லைனையே காலி பண்ணச் சொல்லிருவாங்க." அமலியின் முகம் செத்துப்போயிற்று.

எல்லோரும் இறங்கிப் பிடுங்கினோம். எஸ்டேட்டில் பிடுங்கிய களையை யாரும் எரிப்பதில்லை. காய்ந்ததும் காப்பிச் செடியின் தூரில் போடுவோம். அந்தப் பழக்கத்தில் இதையும் கரையிலேயே, உபரித் தண்ணீர் வழிந்தோடும் ஓடையின் ஓரமாகக் குவித்தோம். அன்று சாயங்காலமே கோடை மழை கொட்டியது. விடிந்தபோது குளம் சுத்தமாக இருந்தது. குவியலையும் காணோம். சனியன் தொலைந்தது என்று ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். அமலி மட்டும் ஓடையோடு கீழே ஓடினாள்; நானும் பின்னால் போனேன்.

கீழ் ஊர்க் குளத்தில் செடிகள் மிதந்துகொண்டிருந்தன. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாருங்க, சாமி கொடுத்தாப்ல வந்திருக்குதுங்க. பூ நொம்ப அழகா இருக்குமாமுங்க. எங்க ஊட்டுக்காரரு எடுத்து வீசப் போனாரு, நாந்தான் உடலைங்க."

அமலி சேலையோடு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் வாரி வாரிக் கரையில் எறிந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஓடை இன்னும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குளமும் நிரம்பி மறுபக்கம் வழிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன.