சல்லடைச் சத்தம்

கல்யாணமாகி நான் வந்த போடி வீட்டில், கீழே ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி, மேலே குடியிருப்பு. ஒன்றரை வயது மகனைக் கொல்லைக்குப் போகப் பழக்கிக்கொண்டிருந்தேன். என் பாதங்களின் மேல் உட்காரவைத்து "ஸ்ஸ்..." என்று சொன்னால்தான் ஒன்றுக்குப் போவான்.

கொல்லைக்குக் கிட்டங்கி வழியாகத்தான் போக வேண்டும். அங்கே பெண்கள் காய் சலிக்கும்போது சல்லடையிலிருந்தும் "ஸ்ஸ்..." என்றே சத்தம் வரும். அதைக் கேட்டதும் என் இடுப்பிலேயே விட்டுவிடுவான். ஒருநாள் குவித்திருந்த காயிலும் தெறித்துவிட்டது.

"இன்னொருக்கா காய் நனைஞ்சா ஆத்தாளும் புள்ளயும் பொறந்த வீட்டுக்குப் போயிருங்க" என்றார் மாமனார்.

மறுநாள் காலையில் மகன் மாடியில் நெளிந்தான். அதுவரை மாமனார் காதில் விழும்படி நான் பேசியதே கிடையாது. அவர் கீழேதான் இருந்தார். வேறு வழியில்லாமல் படியில் நின்று, "சலிக்கிறத நிறுத்துங்க, புள்ள வர்றான்!" என்று கத்தினேன்.

சல்லடைகள் நின்றன. "அடி ஆத்தா, இவளுக்குக் கொரலு இருக்கா!" என்று சிரித்தாள் ஒருத்தி. "வெரசா போ தாயி, தொரை எறங்கட்டும்."

கொல்லைக்குப் போகும்வரை அவன் நனைக்கவில்லை. உள்ளே மாமனார் அதட்டுவது கேட்டது: "ஏத்தா, அவ திரும்பி வர்றவரைக்கும் ஒருத்தியும் சல்லடையத் தொடாதீக."