ஏழாவது பாட்டில் ஒரு மூச்சு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நானே ஒரு வாரம் நம்பவில்லை. ஆனால் இது நடந்தது. போன ஆகஸ்டில், கும்மிடிப்பூண்டியில், பட்டப்பகலில். என்னைப் பயமுறுத்தப் பேய்க்கு ராத்திரிகூடத் தேவைப்படவில்லை.

இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் ஆல்பம் கம்பெனி. முதலாளி, ஒலிப்பதிவாளர், டீ வாங்கி வருபவர் எல்லாம் நானே. பாடுகிறவர் நிற்கும் அறைக்கு ஒரு பக்கம் கண்ணாடி. மற்ற சுவர்களில் பழைய பஞ்சு மெத்தைகளை ஆணியடித்திருந்தேன், எதிரொலி வராமலிருக்க. அந்த மாதம்தான் காயலான் கடை மோகன்ராஜிடம் மலிவாக வாங்கியவை.

மெத்தை எதிரொலியை நிறுத்தும். ஆலைகளின் உறுமலை நிறுத்தாது. அதனால் மாதத்தில் ஒரே நாள்தான் குரல் பதிவு. மின்வாரியத்தின் ஷட்டவுன் நாள். அன்று தொழிற்பேட்டை முழுக்க ஊமை. நாங்கள் மட்டும் பேட்டரியில் ஓட்டுவோம்.

ஷைனி தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இது அவளுடைய முதல் ஆல்பம். ஆறு பாட்டு முடிந்து ஏழாவது மிச்சம். ஆகஸ்ட் ஷட்டவுனுக்கு மறுநாள் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையில் முடிச்சு. பழைய குரல் திரும்பும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அந்த நாளை விட்டால் அந்தப் பாட்டு இல்லை.

பாட்டின் கடைசி வரி நீளம். ஒரே மூச்சில் பாட வேண்டும். அப்படி மெட்டுப் போட்ட அறிவாளி நான்தான். முடிச்சு வந்ததிலிருந்து அவளால் பாதிக்கு மேல் போக முடியவில்லை. வரியைச் சுருக்கலாம் என்றேன். மாட்டேன் என்றாள்.

காலை 9.15. ஆலைகள் அடங்கின. பதிவு தொடங்கியது.

முதல் வரியிலேயே ஹெட்போனில் ஏதோ இடறியது. பாடுவதற்கு முன் மூச்சிழுக்கும் சத்தம் விழுவது சகஜம். பிறகு வெட்டிவிடுவேன். ஆனால்... இரண்டு மூச்சு விழுந்தது. ஒன்று ஷைனியுடையது. இன்னொன்று அதற்குச் சற்று முன்னால். லேசாக விசிலடித்தது.

ஏன் இரண்டு தடவை இழுக்கிறாய் என்று கேட்டேன்.

"ஒரு வாட்டிதாண்ணா இஸ்தேன். உன் மிஷின்தான் பேஜாரு பண்ணுது."

சந்தேகம் தீர வெறும் அறையைப் பதிவு செய்தேன். அவளை வெளியே, என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். இருவரும் மூச்சை அடக்கினோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருமில்லை.

ஹெட்போனில்... ஹ்ஹீ... ஹ்ஹீ...

என்னைக் கேட்காமலே என் கால்கள் வாசல் பக்கம் திரும்பியிருந்தன. ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். கேட்டாள். முகம் வெளுத்தது.

"நாளைக்கி இந்தக் கொரலு இருக்குதோ இல்லியோ. நீ போட்டு வுடுண்ணா. பாடிட்டு வந்துட்றேன்."

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

கடைசி வரி வந்தது.

பாதி தாண்டியது. குரல் தேய்ந்தது. இதோ அறுந்துவிடும் என்று...

ஹ்ஹீ...

ஷைனியின் வாய் பாடிக்கொண்டுதான் இருந்தது.

மூச்சிழுத்தது அவள் இல்லை.

வரி முடிந்தது. முழுசாக.

வெளியே வந்தவளின் கை சில்லிட்டிருந்தது. "எனுக்கு மூச்சே இல்லண்ணா. யாரோ இஸ்துக் குட்த்தாங்க."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆல்பத்தை வெளியிட்டேன். எல்லா மூச்சையும் வெட்டினேன். அந்த ஒன்றை வெட்ட மட்டும் கை வரவில்லை.

பிறகுதான் மோகன்ராஜிடம் போய் மெத்தைகளைப் பற்றிக் கேட்டேன். மூடிப்போன ஒரு கம்பெனியின் பெண்கள் விடுதியில் எடுத்தவையாம். அங்கே செண்பகம் என்று ஒரு பெண். ஆஸ்துமா. மூச்சு முட்டினால் மருந்தை ஆவியாக்கும் கரண்ட் மிஷினைத்தான் முகத்தில் வைப்பார்கள். ஒரு ஷட்டவுன் நாளில் முட்டியது. சாயங்காலம் கரண்ட் வந்தபோது அவள் இல்லை. அவள் படுத்திருந்த மெத்தையும் என் சுவரில் இருக்கிறது.

அடுத்த ஷட்டவுனில் தனியாகப் போய் அந்த அறையைப் பதிவு செய்தேன். தைரியமெல்லாம் இல்லை. பாவம், அந்தப் பெண் தனியாக இருக்கிறாளே என்றுதான்.

ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

அப்போது போன் அடித்தது. ஷைனியின் அம்மா சாராள். கவரைப்பேட்டையில் அவர்கள் வீட்டிலும் கரண்ட் இல்லையாம்.

"தம்பி, கரண்ட் போனதுலர்ந்து பாப்பா தூங்கினுகீறா. ஊட்ல நாங்க ரெண்டே பேருதான்..."

குரலைத் தாழ்த்தினார்.

"அவ கட்டில்ல ரெண்டு பேரு மூச்சு வுடறது கேக்குதுப்பா."